அசல் தவளை, நகல் தவளை

எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் கடப்பாரைக்கு இந்த வம்பே வந்திருக்காது.

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் எந்தப் பலகையையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பலகையில் எழுதியிருப்பது படித்தவர்கள் பாடு, அந்தப் பலகையை நடக் குழி தோண்டுவது தன் பாடு என்று இருந்தார். மண் வேலையில் அவரைப் போல ஆள் கிடையாது. கெட்டிப்பட்ட தரையில் அவர் கடப்பாரையை இறக்கினால் அடுத்த தெருவில் கதவு அதிரும் என்பார்கள். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருடைய மனைவி மருந்துக் கம்பெனியில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். ஒட்டி ஒட்டியே எழுத்துக் கற்றவள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்துக் கொண்டுவந்து, ஒன்றரை வருடம் பாடுபட்டு, புருஷனுக்கும் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தாள். அவ்வளவுதான், பிடித்தது சனி. கண்ணில் படுகிற பலகையையெல்லாம் நின்று வாய்விட்டுப் படிக்காமல் அவரால் நகர முடியவில்லை.

அப்படித்தான் தெருமுனைப் பலகையையும் படித்தார். 'அருகிவரும் உயிரினத்தைக் காண்பவர் ஏழு நாட்களுக்குள் இயக்ககத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் சிறை.' கீழே ஒரு தவளைப் படம். முதுகில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு.

நாலாம் நாள் அதே தவளை அவருடைய குளியலறையில் உட்கார்ந்திருந்தது. ஒன்றில்லை, நாலைந்து. வந்த காரணம் அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் இருந்த சதுப்பில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் அவரும் அங்கே மண்வெட்டி பிடித்தவர்தான். தண்ணீரை இழந்ததுகள் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டன.

"குளியலறையில விருந்தாளி வந்திருக்காங்க," என்றார் மனைவியிடம்.

அவள் எட்டிப் பார்த்தாள். "தவளைதானே. நீங்க பாட்டுக்குக் குளிங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"பலகையில போட்டிருக்கான்மா. சொல்லலைன்னா சிறையாம்."

"பலகையில ஆயிரம் போடுவான். உங்களுக்குப் போய் எழுத்து சொல்லிக்கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவர் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார்.

இயக்ககம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் ஒரு சிமெண்டுப் புலி. புலியின் வாய்க்குள் குப்பை போடலாம். உள்ளே எழுத்தர் ஒருவர் பதிவேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கடப்பாரை முக்கால் மணி நேரம் நின்றார். எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் உட்காரப் போனபோதுதான் எழுத்தருக்குக் கண் தெரிந்தது.

"யோவ், அது வர்றவங்களுக்குப் போட்டது."

"நானும் வந்தவன்தான் சார்."

"வர்றவங்கன்னா வர்றவங்க. என்ன விஷயம்?"

விஷயத்தைச் சொன்னார். எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்து மளமளவென்று நிரப்பி, மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"கைநாட்டு வை."

கடப்பாரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இந்த நேரத்துக்காகத்தான் அவர் ஒன்றரை வருடமாக அட்டைப் பெட்டியில் பழகியிருந்தார். "கையெழுத்துப் போடுவேன் சார்."

எழுத்தர் பேனாவைக் கொடுத்தார். கடப்பாரை முதல் எழுத்தை நிதானமாக எழுதினார். இரண்டாவது எழுத்தில் கொம்பு போடும்போது எழுத்தர் பேனாவைப் பிடுங்கிவிட்டார்.

"இந்த வேகத்துல போனா அந்தத் தவளை செத்துப்போயிடும். வைய்யா நாட்டை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கடப்பாரை பெருவிரலை மையில் அழுத்தி, அரைகுறையாக நின்ற தன் கையெழுத்தின் மேலேயே நாட்டு வைத்தார். அந்த மை மூன்று நாள் போகவில்லை. வேறொன்று அதற்குப் பிறகும் போகவில்லை.

மறுவாரம் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முன்னால் இயக்குநர், பின்னால் எழுத்தர், அவருக்குப் பின்னால் வாளியோடு பியூன். குளியலறைச் சாக்கடைக் குழியில் தவளை முட்டை நுரை நுரையாக மிதந்தது. இயக்குநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு பூரிப்பு.

"முட்டையே போட்டிருக்கு. விதி பதினாலு. கடைசியா முட்டை போட்ட கட்டடம்தான் அதோட வாழிடம். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வாழிடத்தில் மனிதர் தங்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, தண்ணீர் புழங்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. கடப்பாரையின் மனைவி முட்டியில் அறுவை செய்து தகடு வைத்தவள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கய்யா போவோம்?" என்றாள்.

"அதைச் சட்டம் சொல்லலையேம்மா. சட்டம் தவளையைப் பத்தினது," என்றார் இயக்குநர். குரலில் குறையே சொல்ல முடியாது, அவ்வளவு அன்பு.

அடுத்து, இனம் இன்னது என்று நிபுணர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நிபுணர் அலுவலகத்தை விட்டு வர மாட்டார். முன்னெல்லாம் அதிகாரிகள் உயிரினம் இருக்கும் இடத்துக்குப் போய் அலைந்தார்களாம். நடைமுறையை மேம்படுத்திய பிறகு உயிரினம்தான் அலுவலகத்துக்கு வருகிறதாம். பியூன் ஒரு தவளையைப் பிடித்து வாளியில் போட்டார். எழுத்தர் தடுத்தார்.

"நகல் எங்கய்யா?"

"நகலா?"

"எந்தச் சாட்சியமா இருந்தாலும் அசல் ஒண்ணு, நகல் ஒண்ணு. வேலைக்குப் புதுசா நீ?"

பியூன் இருபத்தாறு வருடமாக வேலையில் இருக்கிறவர். மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு தவளையைப் பிடித்துப் போட்டார். எழுத்தர் இரண்டையும் உற்றுப் பார்த்து, பெரியதை அசல் என்றும் சிறியதை நகல் என்றும் குறித்துக்கொண்டு, வாளிமேல் சீட்டு ஒட்டினார். நகலில் 'அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். நல்லவேளை, முத்திரை அலுவலகத்தில் இருந்தது.

கதவைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். சாவி அவர்களிடம். கடப்பாரையிடம் ஒரு தொப்பி, ஒரு விசில், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள்.

"முதல்ல தகவல் சொன்னவர்தான் தற்காலிகக் காவலர். கௌரவப் பதவி," என்று இயக்குநர் கைகுலுக்கினார். "யாரும் உள்ள போகாம பாத்துக்கணும். முக்கியமா உங்க வீட்டுக்காரங்க."

"எப்பய்யா திறப்பீங்க?"

"தவளை போனதும்."

"எப்பப் போகும்?"

"அது போகணும்னு நினைச்சா போகும். நாம அவசரப்படுத்தக் கூடாது."

புருஷனும் பெண்சாதியும் மச்சான் வீட்டுப் பின்கொட்டகைக்குக் குடிபோனார்கள். கொட்டகையில் கழிப்பறை கிடையாது. மச்சான் வீட்டுக்குள் இருப்பது தரையோடு தரையாகக் குந்துகிற மாதிரி. தகடு வைத்த முட்டி மடங்காது. பஸ் நிலையத்தில் ஒன்று மேலே உட்காருகிற மாதிரி இருந்தது. விடியுமுன் கோலை ஊன்றிக்கொண்டு கால் மைல் நடந்து போய் நடந்து வருவாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவாள். ஒருநாள் பாதி வழியிலேயே முடியாமல் போய்விட்டது. அன்று வந்து புடவையை அலசிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். கடப்பாரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். தன் வீட்டைத் தன்னிடமிருந்து காவல் காக்க வேண்டும் அல்லவா.

வாரம் தவறாமல் இயக்ககத்துக்கும் போனார். ஒவ்வொரு முறையும் நின்றார். இனத்தை உறுதி செய்ய வேண்டிய நிபுணர் ஓய்வு பெற்றுவிட்டார், புது நிபுணரைத் தேட ஒரு குழு போட்டிருக்கிறது, குழுவுக்குத் தலைவர் தேட இன்னொரு குழு. வாளி படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. அசலும் நகலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. பியூன்தான் தண்ணீர் மாற்றினார், பூச்சி பிடித்துப் போட்டார்.

"சார், தவளைங்கதான் இங்க இருக்கே. வீட்டைத் திறந்துவிடக் கூடாதா?"

"வாளியில இருக்கிறது வாழிடம் இல்லைய்யா. அது பயணத்துல இருக்கு," என்றார் எழுத்தர்.

"அஞ்சு மாசமா படிக்கட்டுக்குக் கீழ பயணமா?"

எழுத்தர் பதிவேட்டில் எதற்கோ அடிக்கோடு போட்டார்.

ஒருமுறை இயக்குநரையே மடக்கினார். மனைவியின் முட்டியைச் சொன்னார், பஸ் நிலையத்தைச் சொன்னார். இயக்குநர் கார்க் கதவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"நடந்தா முட்டிக்கு நல்லதுதானே?"

சன்னல் இடுக்கு வழியாகக் கடப்பாரை தன் குளியலறையைப் பார்த்திருந்தார். தண்ணீர் புழங்கக் கூடாது என்றால் குழிக்குத் தண்ணீர் ஏது? குழி வறண்டு, முட்டையெல்லாம் சுவரில் காய்ந்த கஞ்சி மாதிரி ஒட்டிக் கிடந்தது. மிச்சத் தவளைகள் வந்த வழியே எப்போதோ போய்விட்டன. அதையும் எழுத்தரிடம் சொல்லிப் பார்த்தார். போனதை இரண்டு அதிகாரிகள் நேரில் பார்த்தார்களா என்று கேட்டார் எழுத்தர். பார்க்கவில்லை. அப்படியானால் போகவில்லை.

காவல் காக்கும் வேலையில் வேறு வேலை இல்லை. கடப்பாரை கையேட்டைப் படித்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சில பக்கங்கள் இரண்டு நாள் எடுத்தன. புரியாததைச் சாயங்காலம் மனைவியிடம் கொண்டுபோனார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேபிள் படிக்கிற மாதிரி, ஓர் எழுத்து விடாமல் படிப்பாள். ஒருநாள் சட்டென்று நிறுத்தினாள்.

"இதைக் கேளுங்க. 'ஓர் உயிரினத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே வாழிடம். புதிய வாழிடம் அறிவிக்கப்பட்டதும் பழையது தானாக நீங்கும்.' போன வருஷம்தான் சேத்திருக்கான். திருத்தம்னு போட்டிருக்கு."

"அதுக்கென்ன?"

"பழைய வாழிடம் எதுங்க? சதுப்பு. நம்ம வீட்டைத் தவளையோட வீடுன்னு எழுதினதும் சதுப்பு தவளையோட வீடு இல்லாம போச்சு. அதான் அன்னைக்கு அந்த ஆளுக்கு அவ்வளவு சந்தோஷம்."

கடப்பாரை எழுந்து போய்ச் சதுப்பைப் பார்த்தார். மேடாக்கிய மண்ணில் புதுப் பலகை நட்டிருந்தது. வாய்விட்டுப் படித்தார். 'வீட்டு மனைகள் விற்பனைக்கு. உயிரினம் ஏதும் இல்லை என இயக்ககம் சான்றளித்த நிலம்.' சான்றின் தேதியையும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவருடைய வீட்டுக் கதவில் அரக்கு வைத்ததற்கு மறுநாள்.

அவர் கோபப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அன்றைக்கு அவர்கள் பதினோரு பக்கம் படித்தார்கள்.

ஏழாம் மாதம் இயக்ககத்தில் வெள்ளையடித்தார்கள். 'அருகிவரும் உயிரினச் சட்ட நடைமுறை மேம்பாட்டுக் கருத்தரங்கு' வருகிறது. மேலிடத்திலிருந்து தலைமை ஆணையரே வருகிறார். படிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய வாளி இருந்தால் நன்றாகவா இருக்கும்? எழுத்தர் வாளியை எடுக்கச் சொன்னார். அதற்குள் இருப்பதை என்ன செய்வது என்று பியூன் கேட்டார். வாய்ச்சொல்லை நம்பி இருபத்தாறு வருடத்தில் மூன்று தடவை மாட்டிக்கொண்டவர் அவர். எழுத்து மூலம் வேண்டும் என்றார். எழுத்தர் எரிச்சலோடு ஒரு துண்டுத்தாளில் எழுதி முத்திரையும் குத்தினார்: 'அசல், நகல் இரண்டையும் கருத்தரங்கு முடியும்வரை இயக்குநர் அறை நீர்த்தொட்டியில் வைக்கவும்.'

இயக்குநர் அறையில் இயற்கைச் சூழலுக்காக ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் தாமரை, பிளாஸ்டிக் நாணல், மோட்டாரில் ஊறும் தண்ணீர். அசலுக்கும் நகலுக்கும் ஏழு மாதத்துக்குப் பிறகு கால் நீட்ட இடம் கிடைத்தது.

கருத்தரங்குக்கு முதல்நாள் பியூன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வருகிற இருமலோடு சொன்னார்.

"அண்ணே, நம்ம நகல் பொம்பளைண்ணே."

"எப்படித் தெரியும்?"

"தாமரைக்குக் கீழ நுரை நுரையா மிதக்குது. ரெண்டு கை அள்ளலாம்."

கடப்பாரை மனைவியைப் பார்த்தார். அவள் கையேட்டை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை மாட்டினாள்.

"அந்தத் துண்டுத்தாள் இருக்கா தம்பி?" என்று பியூனைக் கேட்டாள்.

பியூன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

அறிவிப்பை அன்றே எழுதினார்கள். அவள் எழுதித் தருகிறேன் என்றாள். கடப்பாரை மறுத்துவிட்டார். தானே எழுதினார். ஒரு பக்கம் எழுத மூன்றரை மணி நேரம் ஆயிற்று. கீழே கையெழுத்து. இந்த முறை பேனாவை யாரும் பிடுங்கவில்லை.

மறுநாள் கருத்தரங்கு மூன்றாம் மாடியில், இயக்குநர் அறையை ஒட்டிய கூடத்தில். தலைமை ஆணையர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சதுப்பு மனைகளை விற்கிற தரகர் முதல் வரிசையில் இருந்தார், ஆர்வலர் என்று அட்டை குத்திக்கொண்டு. கடப்பாரை தொப்பியும் விசிலுமாக வந்ததை யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்துவிட வந்த ஆள் என்று நினைத்திருப்பார்கள். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"...நண்பர்களே, சட்டம் என்பது வேறு, நடைமுறை என்பது வேறு. சட்டத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நடைமுறையை நாம்தான் எழுத வேண்டும். கடந்த ஆண்டு அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருந்து ஏழு பெயர்களை நீக்கியிருக்கிறோம். அவற்றில் நான்கு இப்போது எங்கேயுமே இல்லை. அதனால் நமது பணிச்சுமை கணிசமாகக் குறைந்திருக்கிறது."

கைதட்டினார்கள்.

"முன்பு ஒரு தவளைக்கு ஐந்து ஏக்கர் சதுப்பைக் காப்பாற்றினோம். ஐந்து ஏக்கரைத் தினமும் யார் சுற்றி வருவது? இன்று அதே தவளையை நாற்பது சதுர அடியில் காப்பாற்றுகிறோம். 'ஓர் உயிரினம், ஓர் உறைவிடம்.' அதுவும் ஏழை ஒருவரின் குளியலறையில். மக்கள் பங்கேற்பு என்று சொல்கிறார்களே, இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்தக் குடும்பம் முகம் சுளிக்காமல் வீட்டையே தந்திருக்கிறது."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து அசல் ஒரு சத்தம் கொடுத்தது. நகல் பதில் கொடுத்தது.

கடப்பாரை விசிலை ஊதினார்.

மண் தூக்குகிறவனின் நுரையீரல். மூன்றாம் மாடிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தலைமை ஆணையரின் கையிலிருந்து காபி அவர் மடிக்கே போயிற்று.

"யாருய்யா அது?" என்று எழுத்தர் பாய்ந்தார்.

"தற்காலிகக் காவலர் சார். நீங்கதான் நாட்டு வாங்கினீங்க." தாளை விரித்தார். "எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. அறிவிப்பு வாசிக்கும்போது உக்காரக் கூடாது. பக்கம் நூத்தி நாலு."

தலைமை ஆணையர் எழுந்துவிட்டார். விதியின் பக்க எண்ணைச் சொன்னால் எழுந்துவிடுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். அவர் எழுந்ததும் கூடமே எழுந்தது.

கடப்பாரை வாசித்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். 'இ...யக்...ககக்... கட்...டடம்...' என்று ஒவ்வொரு சொல்லாக மண்ணிலிருந்து கல்லைப் பெயர்க்கிற மாதிரி பெயர்த்தெடுத்து வைத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒரு வரி தவறிவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒருவரும் உட்காரவில்லை.

விஷயம் இதுதான். தவளை கடைசியாக முட்டையிட்டது இந்தக் கட்டடத்தில். ஆகவே மூன்று மாடியும் வாழிடம். அதை அறிவிக்க வேண்டியவர் காவலர் என்று கையேடே சொல்கிறது. தவளை தொட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு எழுத்தரின் துண்டுத்தாள், முத்திரையோடு, இணைப்பு ஒன்று. அதன் நகல், இணைப்பு இரண்டு.

"இது... இதைப் பேசித் தீர்த்துக்கலாம்," என்றார் இயக்குநர்.

"மெதுவா சார். வாழிடத்துல உரக்கப் பேசக் கூடாது." கடப்பாரை போய் விளக்குகளை அணைத்தார். மின்விசிறிகள் நின்றன. "எல்லாரும் கீழ இறங்குங்க. அரை மணி நேரம் இருக்கு. எங்களுக்கும் அதே அரை மணிதான் குடுத்தீங்க."

இயக்குநர் தலைமை ஆணையரைப் பார்த்தார். தலைமை ஆணையர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

"சரியாத்தான்யா இருக்கு. திருத்தம் உன் கையெழுத்துலதான் இருக்கு."

தெருவில் வெயில் தீயாக இருந்தது. நூற்று இருபது ஊழியர்களும் சிமெண்டுப் புலியைச் சுற்றி நின்றார்கள். பியூன் வாசலைப் பூட்டி, அரக்கை உருக்கி, நிதானமாக வைத்தார். இருமல் கூட வரவில்லை. சாவியைக் காவலரிடம் கொடுத்தார். பழைய வாழிடத்தின் சாவியை எழுத்தர் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அறிவிப்பைப் பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

இயக்குநர் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி உள்ள மேசையில இருக்கு. ஒரு நிமிஷம் திறந்தீங்கன்னா..."

"மனு குடுங்க. குழு போட்டுப் பாக்கணும்."

இயக்குநர் தாளை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பேனா தாளுக்கு வெளியே போயிற்று. எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு கோடு இழுத்தார். கடப்பாரை பேனாவை மெல்லப் பிடுங்கிக்கொண்டார். பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார்.

"இந்த வேகத்துல போனா தலைப்பிரட்டை தவளையாயிடும். நாட்டு வைங்க சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எழுத்தரும் இருந்தார் என்று பியூன் பிற்பாடு சத்தியம் செய்தார். இயக்குநர் நாட்டு வைத்தார். மையைத் துடைக்கத் துணி தேடினார். துணியும் உள்ளே இருந்தது.

"கழிப்பறைக்கு..." என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"பஸ் நிலையத்துல இருக்கு சார். நடந்தா உடம்புக்கு நல்லது."

அன்று மத்தியானம் கடப்பாரையின் மனைவி தன் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

இயக்ககம் மூன்று வாரம் தார்ப்பாய்க்குக் கீழே நடந்தது. நடந்தது என்று சொல்லக் கூடாது, இருந்தது. முத்திரைகள் உள்ளே, பதிவேடுகள் உள்ளே. முத்திரை இல்லாமல் எந்த வேலையும் ஓடவில்லை. மனைகளுக்குக் கொடுக்க வேண்டிய சான்றுகளும் ஓடவில்லை. மனைத் தரகர் தினமும் வந்து புலிக்குப் பக்கத்தில் நின்று கத்திவிட்டுப் போனார். மழை ஒரு நாள் வந்து தார்ப்பாயைக் கிழித்தது. இயக்குநர் தினமும் ஒரு தடவை வந்து கேட்டார்.

"எப்ப திறப்பீங்க?"

"அது போகணும்னு நினைச்சா போகும் சார். நாம அவசரப்படுத்தக் கூடாது."

"போகும்போது போகட்டும். எங்கதான் போகும்?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்." கடப்பாரை நிஜமாகவே யோசித்தார். "சதுப்புக்குத்தான் போகணும். சதுப்பு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நாலாவது வாரம் தலைமை ஆணையரின் உத்தரவு வந்தது. ஐந்து ஏக்கர் சதுப்பும், மண்ணெல்லாம் போன அன்றைக்கு, மீண்டும் வாழிடம். அதுவரை இயக்ககக் கட்டடம்தான். கொட்டிய மண்ணை அள்ள வேண்டும். இயந்திரம் கூடாது, உரத்த சத்தம் என்று கையேடு சொல்கிறது. கைவேலை. அதையும் காவலரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இயக்குநர் தினமும் நேரில் நின்று, எவ்வளவு ஆழம் போயிற்று என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கண்ணாடி இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆகவே நாட்டு.

மனைப் பலகையைத்தான் முதலில் பிடுங்கினார்கள். அதை நடக் குழி தோண்டியவன் யாரோ, வேலை தெரிந்தவன். பிடுங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு கடப்பாரை தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். தான் கொட்டிக் கெட்டிப்படுத்திய மண். எந்த இடத்தில் இறக்கினால் பொலபொலவென்று பெயரும், எந்த இடத்தில் இறக்கினால் இரும்பு போல நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

இயக்குநர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலி கேட்டார். அது வர்றவங்களுக்குப் போட்டது என்றார் பியூன்.

"எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார் இயக்குநர்.

கடப்பாரை இரும்பு போல நிற்கிற இடத்தைப் பார்த்துக் கடப்பாரையை இறக்கினார். ஒரு கையளவு மண் பெயர்ந்தது. அதைக் கூடையில் போட்டுவிட்டு, நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்து, வானத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெதுவாக வேலை செய்தார்.